டிசம்பர் முப்பத்தொன்று, கடைசி டிராம்

பணிமனைச் சுவரில் ஒரு சுவரொட்டி.
ஆறு நிறத்தில் ஆறு கைகள்
ஒன்றையொன்று பற்றியிருக்கும்.
அதன் கீழேதான் மாதாமாதம்
பணிப்பட்டியலைக் குத்திவைப்பேன்.
பதினோரு வருடம்.
அதே குண்டூசிகள்.

ராட்டர்டாமில், மாஸ் நதிக்குத் தெற்கே,
யார் எந்த இரவில் எந்த டிராமை ஓட்டுவது என்று
கட்டம் போட்டு நிரப்புகிறவள் நான்.
மாரிட் என்பார்கள்.
யாரையும் வெறுத்ததில்லை.
இதைச் சொல்லித்தான்
எப்போதும் பேச்சைத் தொடங்குவேன்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்
சுல்மிரா தாவாரெஸ் உள்ளே வந்தாள்.
இடது புருவத்தின்மேல் பிளாஸ்திரி.
புத்தாண்டு இரவில் எவனோ எறிந்த வெடி
கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்திருந்தது.
அழவில்லை, கத்தவுமில்லை.
பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டு,
அதை மேசையில் வைத்தாள்.
"ஒன்பது வருடம்.
டிசம்பர் முப்பத்தொன்று, கடைசி டிராம்.
படி."

தாவாரெஸ். சொய்லு. போன்சு. தாவாரெஸ்.
எல் இத்ரிசி. மறுபடி போன்சு. சொய்லு.
தாவாரெஸ்.
தாவாரெஸ்.

எண்பத்திரண்டு ஓட்டுநர்கள் எங்களிடம்.
ஒன்பது வருடத்துக்கு நான்கே பெயர்.

விளக்கம் என் கைவசம் இருந்தது.
அவர்கள் மறுப்பதில்லை.
பீட்டுக்குச் சின்னக் குழந்தைகள்.
(சுல்மிராவுக்கு மூன்று.)
அவர்களுக்கு இது பெரிய பண்டிகையும் இல்லை.
இதை அவர்களில் யாரிடம் கேட்டேன் என்று
யோசித்துப் பார்த்தேன்.
யாரிடமும் கேட்டதில்லை.

அன்று வீட்டுக்குப் போகாமல்
பழைய பட்டியல்களை இறக்கி எண்ணினேன்.
ஞாயிறு விடிகாலைகள்,
பள்ளி விடுமுறை வாரங்கள்,
கால்பந்து முடிந்து போதையோடு கூட்டம் ஏறும் இரவுகள்.
முழுப் பூசணிக்காய்.
மறைத்த சோறு நான்.

மேலாளர் ஹூபெர்ட் நல்லவர்.
எண்களைப் பார்த்தார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
மறுபடி பார்த்தார்.
"மார்ச்சில் ஒருநாள் விருந்து வைப்போம்.
எல்லா நாட்டுச் சாப்பாடும்."
இன்னொரு சுவரொட்டிக்கும் நிதி இருக்கிறதாம்.

விருந்து வேண்டாம் என்றேன்.
பிஸ்கட் டின் ஒன்று போதும்.
எண்பத்திரண்டு சீட்டு,
எல்லோர் கண்ணெதிரிலும் குலுக்கல்.
அடிபட்டால் புகார் யாரிடம்,
எத்தனை நாளில் பதில்,
அதையும் எழுதி அதே சுவரில் குத்தவேண்டும்.

தொழிற்சங்கம் மூன்று கூட்டம் இழுத்தடித்தது.
நான் காபி குடிக்கும் மேசையில்
நாற்காலிகள் காலியாகத் தொடங்கின.
"உனக்கென்ன வந்தது?" என்றான் பீட்.
பீட் என் தம்பி.
அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பரில் குலுக்கும் நேரம்
பின்வரிசையிலிருந்து போன்சு கேட்டார்:
"எங்கள் நாலு சீட்டு உள்ளே எதற்கு?
ஒன்பது வருடம் முன்கூட்டியே கட்டிவிட்டோமே."
அறை சலசலத்தது.
நியாயம் என்று நான் கொண்டுவந்த டின்
கையில் சட்டென்று கனத்தது.
நான்கு சீட்டையும் தேடி எடுத்தேன்.
விரல் நடுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள்.

கதையென்றால் பீட்டின் பெயர் வந்திருக்கும்.
வந்தது வௌட்டர்.
கதவை உதைத்துவிட்டுப் போனான்.
ஆனால் ஓட்டினான்.

ஜனவரி இரண்டாம் தேதி
வெளிறிப்போய் என் அறைக்கு வந்தான்.
அந்தத் தெற்குத் தடத்தில் மனுஷன் ஓட்டுவானா,
முன்கண்ணாடிக்குக் கம்பிவலை வேண்டும் என்றான்.

பதினோராம் நாள் வலை பொருத்தினார்கள்.

சுல்மிரா அதைக் கேட்டது
நான்கு வருடத்துக்கு முன்.
மனு இன்னும் என் இழுப்பறையில்,
என் முத்திரையோடு.

அவள் வந்தாள்.
வலையை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.
நன்றி என்று எதுவும் சொல்லவில்லை,
சொல்ல என்ன இருக்கிறது.
நோட்டைத் திறந்து,
தான் கேட்ட தேதியை எழுதினாள்.
வௌட்டர் கேட்ட தேதிக்கு வரும்போது
மை தீர்ந்துவிட்டது.

பேனா கேட்டாள்.
கொடுத்தேன்.